வான்குதிப்புக் கருவிகளுக்கான வானூர்தி நிலையப் பாதுகாப்புச் சோதனை

வான்குதிப்புக் கருவிகளுக்கான வானூர்தி நிலையப் பாதுகாப்புச் சோதனை என்பது, வான்குதிப்பு விளையாட்டில் ஈடுபடுவோர் தமது சொந்த வான்குடையையும் அதனோடு சேர்ந்த கருவிகளையும் பயணிகள் வானூர்தியில் எடுத்துச் செல்லும்போது அவை சோதிக்கப்படும் முறையைக் குறிக்கும். பேச்சு வழக்கில் பாராசூட் என்று அறியப்படும் வான்குடை, அளவில் பெரிய துணியும் கயிறுகளும் மட்டுமே கொண்டது. ஆயினும் இன்றைய விளையாட்டு வான்குடைப் பையினுள் மின்கலம், கம்பிகள், மிகச் சிறிய அளவு வெடிமருந்து ஆகியனவும் இருப்பதால், ஊடுகதிர்த் திரையில் அது ஐயத்துக்கு இடமளிக்கும் பொருளாகத் தோன்றுகிறது. மறுபுறம், பையின் அமைப்பை அறியாத ஒருவர் அதனைப் பிரித்துப் பார்த்தால், குதிப்பவரின் கடைசிப் பாதுகாப்பான காப்பு வான்குடை பயனற்றுப் போகக்கூடும். இவ்விரண்டு அச்சங்களுக்கும் இடையில் அமைந்ததே இச்சோதனை.

பயிற்றுநரோடு பிணைக்கப்பட்டு முதன்முறை குதிப்பவர்களும் தொடக்கநிலை மாணவர்களும் பயிற்சி மையத்தின் கருவிகளையே பயன்படுத்துவர். எனவே இக்கட்டுரையில் கூறப்படுபவை, உரிமம் பெற்றுச் சொந்தக் கருவி வைத்திருப்போருக்கே பெரிதும் பொருந்தும்.

பையின் உள்ளமைப்பு

விளையாட்டு வான்குடைப் பை முதுகில் அணியப்படுவது. எடை பொதுவாக 9 முதல் 12 கிலோகிராம் வரை இருக்கும். இதில் இரண்டு அறைகள் உண்டு. கீழ் அறையில் ஒவ்வொரு குதிப்பிலும் பயன்படும் முதன்மை வான்குடையும், மேல் அறையில் முதன்மை வான்குடை பழுதானால் மட்டும் விரிக்கப்படும் காப்பு வான்குடையும் மடித்து வைக்கப்பட்டிருக்கும். முதன்மை வான்குடையைக் குதிப்பவரே ஒவ்வொரு முறையும் மடித்துக்கொள்வார். பழகியவருக்குப் பத்து, பதினைந்து நிமிட வேலை. காப்பு வான்குடை அப்படியன்று. அதனை ரிக்கர் எனப்படும் உரிமம் பெற்ற மடிப்பாளர் மட்டுமே மடிக்க வேண்டும். துணியையும் கயிறுகளையும் அங்குலம் அங்குலமாகச் சோதித்து மடித்து முடிக்கச் சில மணி நேரம் பிடிக்கும். பின்னர் அதன் முள்ளின்மீது நூலும் ஈயமும் கொண்ட முத்திரை இடப்படும். மடித்த நாளும் மடித்தவரின் கையொப்பமும் ஓர் அட்டையில் பதியப்படும். அமெரிக்க விதிகளின்படி, பயன்படுத்தப்படாத காப்பு வான்குடையும் 180 நாட்களுக்கு ஒருமுறை பிரித்து மடிக்கப்பட வேண்டும். முத்திரை அறுந்த பையுடன் குதிக்கலாகாது.

காப்பு அறையினுள் ஒரு சுருள்வில் அழுத்தி வைக்கப்பட்டிருக்கும். கைப்பிடியை இழுத்தவுடன் இவ்வில் பாய்ந்து வெளிவந்து வான்குடையைக் காற்றுக்குள் இழுத்துச் செல்லும். வானத்தில் உயிர் காக்கும் இந்த விசை, சோதனை மேசைமீது குனிந்து நிற்பவரின் முகத்தில் அறையவும் கூடும். கைப்பிடிகள் கண்ணில் படும் வண்ணத்தில் இருப்பதால், அறியாதவர் முதலில் தொடுவதும் அவற்றையே.

பாதுகாப்புச் சோதனையில் சிக்கல் தரும் உறுப்பு, ஏ.ஏ.டி. எனப்படும் தானியங்கித் திறப்புக் கருவி ஆகும். குதிப்பவர் நினைவிழந்தாலோ உயரத்தைக் கவனிக்கத் தவறினாலோ இக்கருவி தானாகவே காப்பு வான்குடையை விடுவிக்கும். செருமனியின் ஏர்டெக் நிறுவனம் 1991இல் வெளியிட்ட சைப்ரஸ் இவ்வகையில் பெரிதும் அறியப்பட்டது. பெல்ஜியத்தில் தயாராகும் விஜில் மற்றொன்று. இதன் நுண்செயலி காற்றழுத்தத்தைத் தொடர்ந்து அளந்து, உயரத்தையும் விழும் வேகத்தையும் கணிக்கிறது. அனுபவமுள்ளோருக்கான சைப்ரஸ் கருவி, தரையிலிருந்து ஏறத்தாழ 225 மீட்டர் உயரத்தில் குதிப்பவர் நொடிக்கு 35 மீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால் செயற்படும். அப்போது விரல் நீளமே உள்ள உலோக உருளையினுள் ஒரு துளி வெடிமருந்து எரிந்து, சிறு கத்தியைத் தள்ளி, காப்பு அறையை மூடியிருக்கும் கயிற்றை வெட்டிவிடும். வெடிப்பு உருளைக்குள்ளேயே அடங்கிவிடும்.

இக்கருவி காப்பு அறையின் உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும் என்பது கவனிக்கத்தக்கது. "அதை மட்டும் கழற்றித் தனியே கொடுங்கள்" என்று அலுவலர் கேட்டால், காப்பு வான்குடையைப் பிரிக்காமல் அதனைச் செய்ய இயலாது.

திரையில் ஐயம் எழும் காரணம்

சோதனைக்கான ஊடுகதிர்க் கருவிகள் இரண்டு ஆற்றல் நிலைகளில் கதிர்களைச் செலுத்தி, பொருளின் அணு எண் ஏறத்தாழ எவ்வளவு என்பதைக் கணித்து வண்ணம் தீட்டுகின்றன. கரிமப் பொருட்கள் செம்மஞ்சளாகவும், உலோகங்கள் நீலமாகவும், இடைப்பட்டவை பச்சையாகவும் தெரியும். வான்குடைத் துணி நைலானால் ஆனது. நைலானில் இருப்பவை கரியம், நீரியம், நைதரசன், ஆக்சிசன் ஆகிய தனிமங்கள். ஆர்.டி.எக்ஸ். போன்ற வெடிபொருட்களில் இருப்பவையும் இவையே. ஆகவே இறுக்கி மடித்த நைலான், திரையில் தடித்த செம்மஞ்சள் கட்டியாகத் தோன்றும். அதன் நடுவே ஒரு மின்சுற்றுப் பலகை, ஒரு மின்கலம், அவற்றிலிருந்து கிளம்பும் கம்பி, கம்பியின் முனையில் ஒரு சிறு உலோக உருளை. வெடிகுண்டு எவ்வாறு தோன்றும் என்று பயிற்சியில் கற்பிக்கப்படும் படத்தை இதைவிட நெருக்கமாக ஒத்த பயணப் பொருள் வேறு இருத்தல் அரிது. ஐயப்படும் அலுவலர் தம் கடமையைச் சரியாகவே செய்கிறார்.

அடர்த்தியை அளக்கும் சி.டி. வகைக் கருவிகளில் இக்குழப்பம் குறைவு. 3 கிலோகிராம் எடையுள்ள வான்குடை மடித்தபின் 6 அல்லது 7 லிட்டர் இடத்தை நிரப்புகிறது எனக் கொண்டால், அதன் அடர்த்தி நீரின் அடர்த்தியில் பாதி அல்லது அதற்கும் குறைவு. நெகிழி வெடிபொருட்களோ நீரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அடர்ந்தவை. சரக்கறைப் பெட்டிகளைச் சோதிக்கும் புதிய கருவிகள் பல இவ்வகையைச் சேர்ந்தவை.

வரலாற்றுப் பின்னணி

வான்குடைக்கும் பயணிகள் சோதனைக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. 1971 நவம்பர் 24 அன்று அமெரிக்காவில் நார்த்வெஸ்ட் ஓரியன்ட் நிறுவனத்தின் போயிங் 727 வானூர்தியைக் கடத்திய ஒருவர், 2,00,000 டாலரும் நான்கு வான்குடைகளும் பெற்றுக்கொண்டு, பறந்துகொண்டிருந்த வானூர்தியின் பின்புறப் படிக்கட்டு வழியே குதித்து மறைந்தார். டி.பி. கூப்பர் என்று செய்திகளில் பெயர்பெற்ற அவர் இன்றுவரை யாரென்று தெரியவில்லை. அவருக்குத் தரப்பட்ட காப்பு வான்குடைகளில் ஒன்று வகுப்பறைப் பயிற்சிக்கென விரியாதவாறு தைக்கப்பட்டது. அது தவறுதலாகச் சேர்ந்துவிட்டது. அவர் எடுத்துச் சென்றதும் அதையே. அடுத்த ஆண்டில் இவரைப் பின்பற்றி வேறு சிலரும் இவ்வாறே கடத்தினர். 1973 சனவரி முதல் அமெரிக்காவில் எல்லாப் பயணிகளும் சோதிக்கப்பட்டதற்கு இத்தகைய கடத்தல்கள் முதன்மைக் காரணம். போயிங் 727இன் பின்புறப் படிக்கட்டு பறக்கும்போது திறவாதபடி ஒரு தடுப்பும் பொருத்தப்பட்டது. 2000 மே மாதம் பிலிப்பீன்சில் தாமே தைத்த வான்குடையுடன் குதித்த ஒரு கடத்தல்காரர் உயிரிழந்தார்.

எனினும் இன்று வான்குடையை ஐயுறுவதற்குக் காரணம், யாரேனும் குதித்துவிடுவார் என்பதன்று. உயரத்தில் பறக்கும்போது உள்ளழுத்தமே பயணிகள் கதவைத் திறக்கவிடாது. அச்சம் பெட்டிக்குள் இருக்கும் குண்டைப் பற்றியது. இதில் தமிழகத்துக்கும் ஒரு துயர வரலாறு உண்டு. 1984 ஆகத்து 2 அன்று இரவு சென்னை மீனம்பாக்கம் வானூர்தி நிலையத்தில் குண்டு வெடித்து 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கொழும்பு செல்லும் வானூர்திக்காகப் பதியப்பட்ட பெட்டியில் அக்குண்டு இருந்தது. பெட்டியைப் பதிந்தவர் வானூர்தியில் ஏறவில்லை. அடுத்த ஆண்டு சூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா வானூர்தி அத்திலாந்திக்குப் பெருங்கடலின்மீது வெடித்துச் சிதறி 329 பேர் மாண்டனர். அங்கும் குண்டு இருந்த பெட்டியை வான்கூவரில் பதிந்தவர் பயணம் செய்யவில்லை. உரிமையாளர் உடன்வராத பெட்டி பறக்கக்கூடாது என்னும் நெறி உலகெங்கும் வலுப்பெற்றது இவற்றிற்குப் பிறகே. குடிசார் வானூர்திப் பாதுகாப்புப் பணியகம் 1987 ஏப்பிரலில் தனித் துறையாக்கப்பட்டதும் கனிஷ்கா நிகழ்வின் விளைவே.

வான்குதிப்போர் வேண்டுவதும் ஏறத்தாழ இதே நெறிதான்: உரிமையாளர் அருகில் இல்லாமல் பை திறக்கப்படக்கூடாது.

அமெரிக்க நடைமுறை

இப்பொருள் குறித்து வெளிப்படையான விதிகளைப் பொதுமக்களுக்கு அறிவித்துள்ள அமைப்புகளுள் அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகம் குறிப்பிடத்தக்கது. அதன்படி, தானியங்கித் திறப்புக் கருவி உள்ள வான்குடையையும் இல்லாததையும் கைப்பையாகவோ சரக்கறைப் பெட்டியாகவோ எடுத்துச் செல்லலாம். வான்குடையைப் பிற உடைமைகளோடு கலவாமல் தனியே வைக்க வேண்டும். திறந்து பார்க்க நேர்ந்தால் உரிமையாளர் உடனிருந்து உதவ வேண்டும். அவர் அருகில் இல்லையெனில் ஒலிபெருக்கியில் அழைக்கப்படுவார்; வராவிடில் வான்குடை ஏற்றப்படாது. இதற்காக, வானூர்தி நிறுவனம் கூறும் நேரத்துக்கு மேலும் 30 நிமிடங்கள் முன்னதாக வருமாறு அறிவுறுத்தப்படுகிறது.

இந்திய நடைமுறை

இந்தியாவில் வான்குதிப்போர் தொகை சிறியது. மைசூரு, அரியானாவின் நார்னௌல் போன்ற இடங்களில் குதிப்புகள் நடைபெற்றுள்ளன. சொந்தக் கருவி வைத்திருப்போர் பலர் தாய்லாந்து, துபாய் போன்ற வெளிநாட்டுத் தளங்களுக்கும் செல்கின்றனர். எனவே, சோதனை மேசையில் இருக்கும் அலுவலர் தம் பணிக்காலத்தில் ஒரு வான்குடைப் பையையும் கண்டிராதவராக இருக்கலாம்.

விதிகளை வகுப்பது மேற்கூறிய பணியகம். பயணிகளையும் கைப்பைகளையும் சோதிப்பது, பெரும்பாலான நிலையங்களில், மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை. 1999 திசம்பரில் ஐ.சி. 814 வானூர்தி கடத்தப்பட்டதை அடுத்து, 2000 பிப்ரவரியில் செய்ப்பூரில் தொடங்கி இப்பொறுப்பு அப்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. சரக்கறைப் பெட்டிகளைச் சோதிப்போர் வேறு. அவர்கள் வானூர்தி நிறுவனத்தின் அல்லது நிலைய நிருவாகத்தின் பணியாளர்கள். ஆகவே ஓரிடத்தில் தந்த விளக்கம் மற்றோரிடத்தில் செல்லாது. பை எந்த வழியாகப் போகிறதோ அந்த வழியில் உள்ளவரிடமே விளக்க வேண்டும்.

எந்த வழி சிறந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கண்ணெதிரே இருக்கும் என்பதால் வான்குதிப்போர் பொதுவாகக் கைப்பையாகக் கொண்டு செல்வதையே விரும்புவர். ஆனால் இந்திய உள்நாட்டுப் பயணங்களில் சாதாரண வகுப்புப் பயணிக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் அளிக்கும் கைப்பை எடை 7 கிலோகிராம் மட்டுமே. 10 கிலோகிராம் எடையுள்ள பையை முன் இசைவு இன்றி உள்ளே கொண்டு செல்ல இயலாது. நிறுவனத்துக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பி, எழுத்து வடிவிலான இசைவைப் பெற்று அச்சிட்டு வைத்துக்கொள்வதே நலம். தொலைபேசியில் பெற்ற வாய்மொழி இசைவு, பெட்டி பதியும் மேசையில் எதற்கும் உதவாது.

சரக்கறையில் அனுப்புவதாயின், வான்குடைப் பையை உறுதியான வெளிப்பெட்டிக்குள் தனியாக வைத்து, பதியும்போதே உள்ளிருப்பது என்ன என்பதைத் தெரிவித்துவிட வேண்டும். பெட்டி உள்ளே போன பின்பும், அது சோதனையைக் கடந்ததா என்பதை உறுதி செய்யும்வரை மேசையருகே காத்திருத்தல் வேண்டும். பாதுகாப்புச் சோதனை முடித்து உள்ளே சென்றுவிட்டால், அழைப்பு வரும்போது திரும்பி வருவதற்குள் நேரம் கடந்துவிடும்.

நேரக் கணக்கு ஊர்ப்புறத்திலிருந்து வருவோருக்கு இன்னும் முக்கியமானது. எடுத்துக்காட்டாக, காஞ்சிபுரம் மாவட்டம் பழையசீவரத்திலிருந்து ஒருவர் தொடர்வண்டியில் வருவதாயின், செங்கற்பட்டு – அரக்கோணம் பாதையில் ஏறி, செங்கற்பட்டு வழியாக, சென்னை வானூர்தி நிலையத்துக்கு எதிரிலுள்ள திரிசூலம் நிலையத்தில் இறங்கலாம். அப்பாதையில் வண்டிகள் குறைவு. ஒரு வண்டியைத் தவறவிட்டால், சோதனைக்கென ஒதுக்கிய அரை மணி நேரம் முதலில் பறிபோகும். தனியே ஒரு வண்டி முன்னதாகவே புறப்படுவது நலம்.

ஆவணங்களும் பேச்சும்

தானியங்கித் திறப்புக் கருவி பொருத்தப்பட்ட வான்குடையைக் கட்டுப்பாடின்றி வானூர்தியில் எடுத்துச் செல்லலாம் என்று சைப்ரஸ் பயனர் கையேடு கூறுகிறது. ஊடுகதிரில் அக்கருவி எவ்வாறு தோன்றும் என்பதைக் காட்டும் அட்டையையும் அதன் தயாரிப்பாளர் வழங்குகிறார். இவ்வட்டை, கையேட்டின் உரிய பக்கம், காப்பு வான்குடையின் மடிப்பு அட்டை, குதிப்பு உரிமம் ஆகியவற்றைப் பையின் மேற்புறத்தில் வைப்பது வழக்கம். தயாரிப்பாளரின் கூற்று இந்திய அலுவலரைக் கட்டுப்படுத்தாது என்பதையும் மனத்திற்கொள்ள வேண்டும். இறுதி முடிவு அவருடையதே. விளக்கக் குறிப்பை ஆங்கிலத்தோடு இந்தியிலும் எழுதி வைத்தல் பயன் தரும். சென்னையில் பணியாற்றும் படையினர் பல மாநிலங்களைச் சேர்ந்தவர்கள்.

"உள்ளே வெடிமருந்து உள்ளதா?" என்ற கேள்விக்கு என்ன விடை சொல்வது என்பது வான்குதிப்போரிடையே அடிக்கடி பேசப்படும் சிக்கல். இல்லை என்று சொல்லிவிட்டுப் பின்னர் கையேட்டில் அச்சொல் காணப்பட்டால், நம்பிக்கை முழுவதும் போய்விடும். கயிற்றை வெட்டும் மிகச் சிறிய உறுப்பு ஒன்று உள்ளது, அதன் எரிவு உறையை விட்டு வெளிவராது, இதோ அதன் படம் என்று நேரே கூறுவதே ஏற்றது. விளையாட்டாகக் குண்டு என்ற சொல்லை எடுப்பது சட்டப்படி குற்றமாகவும் முடியலாம்.

பையைத் திறக்கச் சொன்னால்

முதலில் முதன்மை வான்குடை அறையை உரிமையாளரே திறந்து காட்டலாம். அதனால் இழப்பு ஏதுமில்லை. பெரும்பாலும் துணியைக் கண்டவுடனேயே ஐயம் தணிந்துவிடும். காப்பு அறையையும் திறக்கச் சொன்னால், பையை வேறு கோணத்தில் வைத்து மீண்டும் ஊடுகதிருக்கு உட்படுத்துமாறும், வெடிபொருள் தடயம் காணும் துணியால் துடைத்துச் சோதிக்குமாறும், மேலலுவலரை அழைக்குமாறும் பணிவுடன் கேட்கலாம். கைப்பிடிகளை எவரும் இழுக்காதவாறு கையால் மூடிக்கொண்டு பேசுவது நல்லது. ஆனால் பையைப் பிடுங்குவதுபோல் தோன்றக்கூடாது.

இவை யாவற்றுக்கும் பின்பும் அலுவலர் வற்புறுத்தினால் இரண்டே வழிகள் உள்ளன. ஒன்று, தாமே திறந்து காட்டிவிட்டு, சென்று சேரும் இடத்தில் மடிப்பாளரைத் தேடுவது. மற்றொன்று, பையை எடுத்துக்கொண்டு திரும்புவது. இந்தியாவில் உரிமம் பெற்ற மடிப்பாளர் எளிதில் கிடைப்பதில்லை என்பதால், முதல் வழியும் பல நேரங்களில் பயணத்தின் நோக்கத்தையே கெடுத்துவிடும். பிரித்ததை அப்படியே திணித்து மூடிவிட்டு, முதன்மை வான்குடையை நம்பிக் குதிக்கலாம் என்று எண்ணுவது மட்டும் எந்நிலையிலும் கூடாது. 2014 பிப்ரவரியில் சேலம் வானூர்தி நிலையத்தில் நடைபெற்ற பயிற்சிக் குதிப்பில் வான்குடை உரிய நேரத்தில் விரியாமல் ஒரு பெண் உயிரிழந்தார். அந்நிகழ்வுக்கும் பயணச் சோதனைக்கும் தொடர்பில்லை. எனினும் துணி விரியாதபோது குதிப்பவருக்கு எஞ்சியிருப்பவை சில நொடிகளே என்பதை அது தமிழக மக்களுக்கு உணர்த்தியது.

உடன் செல்லும் பிற பொருட்கள்

சிக்கிய கயிற்றை அறுக்க உதவும் கொக்கிக் கத்தி சரக்கறைப் பெட்டியில் மட்டுமே செல்ல வேண்டும். பையின் தோள்பட்டையிலேயே அது செருகப்பட்டிருக்கும் என்பதால், கைப்பையாகக் கொண்டு செல்வோர் அதனை மறந்து மாட்டிக்கொள்வதுண்டு. தலைக்கவசம், உயரமானி ஆகியவற்றுக்குத் தடையில்லை. நிழற்படக் கருவிக்கான உதிரி லித்தியம் மின்கலங்களும் பவர் பேங்க்கும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். காட்சிக் குதிப்புகளில் பயன்படும் புகைக் குப்பிகளை எவ்வழியிலும் கொண்டு செல்ல இயலாது. வெளிநாட்டிலிருந்து வருவோர், செயற்கைக்கோள் தொலைபேசியையும் செயற்கைக்கோள்வழிச் செய்தி அனுப்பும் கருவியையும் இந்தியாவுக்குள் முன் அனுமதியின்றிக் கொண்டுவரலாகாது. இதனை அறியாமல் கொண்டுவந்து தடுத்து வைக்கப்பட்டோர் உள்ளனர்.

சொந்தக் கருவியுடன் இந்தியாவிலிருந்து வெளிநாடு செல்வோர், புறப்படும்போதே சுங்க அலுவலரிடம் ஏற்றுமதிச் சான்று பெற்றுக்கொள்ளலாம். இல்லையெனில் திரும்பும்போது அக்கருவி வெளிநாட்டில் புதிதாக வாங்கப்பட்டது எனக் கருதி வரி கேட்கப்படக்கூடும். கருவிகளின் வரிசை எண்கள் அச்சான்றில் இடம்பெறுதல் வேண்டும்.

சென்று சேர்ந்த பின்

பை கைக்கு வந்தவுடன் முத்திரையின் நூல், காப்பு முள், மூடுகயிறு, இரு கைப்பிடிகள் ஆகியவற்றை வானூர்தி நிலையத்திலேயே பார்த்துவிட வேண்டும். முத்திரை அறுந்திருந்தால், பார்ப்பதற்கு எல்லாம் ஒழுங்காகத் தோன்றினாலும், மடிப்பாளர் பார்க்கும்வரை அப்பையுடன் குதித்தல் ஆகாது.

தானியங்கித் திறப்புக் கருவியைப் பயணத்துக்கு முன் அணைத்துவைப்பது பொது வழக்கம். அது இயக்கப்படும் இடத்தின் காற்றழுத்தத்தையே தரைமட்டமாகக் கொள்ளும். சென்னை கிட்டத்தட்டக் கடல்மட்டத்தில் உள்ளது. மைசூரு ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்தில் உள்ளது. சென்னையைத் தரையாகக் கொண்ட கருவி, 225 மீட்டரில் செயற்பட வேண்டும் என்று காத்திருந்தால், அவ்வுயரம் மைசூரில் நிலத்துக்கு அடியில் இருக்கும். ஆகவே குதிதளத்தில் நின்றே அதனை இயக்க வேண்டும். சோதனையின்போது அலுவலர் எவரேனும் பொத்தானை அழுத்தியிருந்தால் அணைத்துவிட்டு மீண்டும் இயக்க வேண்டும்.